கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை: போடும் பணத்துக்குப் பலன் உண்டா? வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொருக்குப்பேட்டை, காசிமேடு, வியாசர்பாடி, எண்ணூர் பக்கத்து மகளிர் குழுக் கூட்டங்களில் இந்தப் பரிசோதனையைப் பற்றிப் பேசினால் இரண்டு வகைக் கேள்விகள் வருகின்றன. பெண்கள் தங்கள் உடம்பைப் பற்றிக் கேட்கிறார்கள். குழுத் தலைவிகளும் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளும் பணத்தைப் பற்றிக் கேட்கிறார்கள்: வசதி குறைந்த நாடு இதற்குச் செலவு செய்வது சரிதானா, எந்த முறையில் செய்தால் காசு வீணாகாது என்று. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது என்பது என் எண்ணம். அதனால் கலந்தே எழுதியிருக்கிறேன்.

இது என்ன நோய்? பரிசோதனையில் எதைத் தேடுகிறார்கள்?

கர்ப்பப்பையின் கீழ்முனை, அதாவது பிறப்புறுப்புப் பக்கம் திறக்கும் வாய்ப்பகுதியில் வருகிற புற்றுநோய் இது. ஏறக்குறைய எல்லாருக்குமே எச்.பி.வி. என்ற வைரஸ்தான் காரணம். அந்த வைரஸில் பல வகை உண்டு. 16, 18 என்று எண்ணிட்ட இரண்டு வகைகள் மட்டுமே சுமார் 70 சதவீத நோய்க்குக் காரணம். வைரஸுக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்த ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008ல் நோபல் பரிசு கிடைத்தது.

வைரஸ் தொற்றியவுடன் புற்றுநோய் வந்துவிடுவதில்லை. பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் உடம்பே அதை விரட்டிவிடும். சிலருக்கு மட்டும் தங்கிப்போய், அந்த இடத்துத் திசுக்களை மெல்ல மெல்ல மாற்றுகிறது. அந்த மாற்றம் புற்றாக முற்றுவதற்கு வழக்கமாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். எச்.ஐ.வி. போன்ற காரணத்தால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு 5 முதல் 10 ஆண்டுகளே போதும்.

பரிசோதனை தேடுவது இந்த இடைக்காலத்தைத்தான். ஒரு தொந்தரவும் தெரியாத பெண்ணிடம், புற்றாக மாறும் முன்பே அந்த மாற்றத்தைப் பிடித்து அங்கேயே அழித்துவிடலாம். இவ்வளவு நீண்ட அவகாசம் தருகிற புற்றுநோய் வேறு அதிகம் இல்லை. செலவுக் கணக்கு முழுவதும் இந்த அவகாசத்தின் மேல்தான் நிற்கிறது.

உலக அளவில் இது எவ்வளவு பெரிய பிரச்சினை?

2022ல் உலகில் சுமார் 6,60,000 பெண்களுக்குப் புதிதாக இந்த நோய் கண்டறியப்பட்டது. சுமார் 3,50,000 பேர் இறந்தார்கள். அந்த மரணங்களில் 94 சதவீதம் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் நடந்தவை. இந்தியாவில் மட்டும் அந்த ஆண்டில் ஏறக்குறைய 80,000 மரணங்கள்.

94 சதவீதம் என்ற அந்த எண்ணைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. பணக்கார நாட்டுப் பெண்களுக்கும் இதே வைரஸ்தான் தொற்றுகிறது. அவர்கள் ஊரில் பரிசோதனை வீடு தேடிக் கடிதமாக வருகிறது. நம் ஊரில் உதிரப்போக்கு நிற்காமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்கே போகிறோம். வித்தியாசம் அவ்வளவுதான்.

'செலவுக்குத் தக்க பலன்' என்பதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

ஒரு திட்டத்துக்கு மொத்தம் எவ்வளவு செலவாகிறது என்று பார்க்கிறார்கள். சோதனைப் பொருள், நர்ஸ் சம்பளம், பயிற்சி, ஆய்வகம், சிகிச்சை, பெண்கள் வந்துபோகும் செலவு, அவர்கள் இழக்கும் நேரம் எல்லாம் அதில் சேரும். அந்தத் திட்டத்தால் கூடுதலாகக் கிடைக்கும் உயிர்வாழும் ஆண்டுகள் எத்தனை என்று மறுபக்கம் பார்க்கிறார்கள். செலவை ஆண்டுகளால் வகுத்தால், ஓர் ஆண்டு உயிரைக் காக்க எவ்வளவு என்று தெரியும். அந்தத் தொகை அந்த நாட்டில் ஆளுக்குச் சராசரியாக வரும் ஆண்டு உற்பத்தி மதிப்பை விடக் குறைவாக இருந்தால் 'மிக நல்ல பலன்' என்று எடுத்துக்கொள்வது வெகுகாலமாக இருந்துவரும் வழக்கம். இந்த அளவுகோலைக் குறை சொல்பவர்களும் உண்டு. ஏழை நாட்டுப் பெண்ணின் ஓர் ஆண்டுக்கு விலை குறைவா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனால் இந்தப் பரிசோதனை அந்தக் கறாரான அளவுகோலிலும் தேறிவிடுகிறது.

2005ல் சூ கோல்டி என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் இந்தியா, கென்யா, பெரு, தென்னாப்பிரிக்கா, தாய்லாந்து என்ற 5 நாடுகளுக்கு இந்தக் கணக்கைப் போட்டார்கள். ஒரு பெண்ணுக்கு வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, 35 வயதில், ஒன்று அல்லது இரண்டு வருகையில் முடிகிற மாதிரி வினிகர் முறையிலோ எச்.பி.வி. முறையிலோ (இரண்டையும் அடுத்த பதிலில் விளக்குகிறேன்) பார்த்தால், நோய் வரும் வாய்ப்பு 25 முதல் 36 சதவீதம் குறைகிறது; காக்கப்படும் ஓர் ஆண்டுக்கு 500 டாலருக்கும் குறைவாகவே செலவாகிறது. 35, 40 என்று இரண்டு வயதில் பார்த்தால் பலன் இன்னும் கூடுகிறது. அப்போதும் ஆண்டுக்கான செலவு ஒவ்வொரு நாட்டின் தலா உற்பத்தியை விடக் குறைவுதான். பெண் எத்தனை முறை வரவேண்டியிருக்கிறது என்பது முடிவைப் பெரிதும் மாற்றியது. வருகை குறையக் குறையப் பலன் கூடியது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு வேறொரு பக்கத்திலிருந்து வருகிறது. தடுப்பூசி, பரிசோதனை, சிகிச்சை மூன்றிலும் சேர்த்து 1 டாலர் போட்டால், பெண்கள் தொடர்ந்து வேலை பார்ப்பதால் மட்டும் 2050 வரையிலும் அதற்குப் பின்னும் 3.20 டாலர் பொருளாதாரத்துக்குத் திரும்பும் என்கிறது. குடும்பத்துக்கும் சமூகத்துக்கும் வரும் நன்மையையும் சேர்த்தால் 26 டாலர்.

பாப் ஸ்மியர், வினிகர் டெஸ்ட், எச்.பி.வி. டெஸ்ட்: எது மலிவு, எது நல்லது?

பாப் ஸ்மியரில் கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களைச் சுரண்டி எடுத்து, கண்ணாடித் தகட்டில் தடவி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். மேலை நாடுகளில் இந்த நோயைக் குறைத்த முறை இதுதான். ஆனால் அது வேலை செய்ய, பயிற்சி பெற்ற ஆட்களும் நல்ல ஆய்வகமும் வேண்டும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பத் திரும்பப் பார்க்கவும் வேண்டும். ஒரே தடவை எடுத்தால் கணிசமான மாற்றங்கள் கண்ணில் படாமலே போகும். முடிவு வாங்க இன்னொரு நாள் வரவும் வேண்டும். ஆட்களும் ஆய்வகமும் பற்றாத நாட்டில் இந்த ஏற்பாட்டைக் கட்டி நிறுத்துவதுதான் பெரிய செலவு.

வினிகர் டெஸ்டை மருத்துவமனைகளில் வி.ஐ.ஏ. என்பார்கள். 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் தொட்டுக் கர்ப்பப்பை வாயில் வைத்து, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள். மாறிய திசு வெள்ளையாகத் தெரியும். நர்ஸ் தன் கண்ணாலேயே பார்க்கலாம். ஆய்வகம் வேண்டாம், முடிவு உடனே தெரியும், பொருட்செலவு மிகக் குறைவு. இதிலும் குறைகள் உண்டு. பார்க்கும் கண்ணைப் பொறுத்து முடிவு மாறும். புண், அழற்சி இருந்தாலும் வெள்ளையாகத் தெரிந்து, தேவையில்லாத சிகிச்சைக்கு இட்டுச்செல்லும். மாதவிலக்கு நின்ற பிறகு, பார்க்க வேண்டிய பகுதி உள்ளே போய்விடுவதால் 50 வயதைத் தாண்டியவர்களுக்கு இது சரிவராது.

எச்.பி.வி. டெஸ்ட் வைரஸின் மரபணுவையே தேடுவது. மூன்றில் கூர்மையானது இதுதான். வைரஸ் இல்லை என்று வந்தால் பல ஆண்டுகளுக்குக் கவலை இல்லாமல் இருக்கலாம். மாதிரியைப் பெண்ணே தன் கையால் எடுத்துக்கொடுக்கவும் முடியும். ஒரு தடவைக்கு வினிகரை விடச் செலவு அதிகம். ஆனால் அடிக்கடி எடுக்க வேண்டியதில்லை. 2021ல் உலக சுகாதார நிறுவனம் முதல் தேர்வாகச் சொன்னது இதைத்தான்: பொதுவாக 30 வயதில் தொடங்கி 5 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை. வசதி இல்லாத இடத்தில் வினிகர் முறை, 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை.

என் கருத்தைக் கேட்டால், போக வேண்டிய திசை எச்.பி.வி. டெஸ்ட்தான். ஆனால் அது வந்துசேரும் வரை சும்மா உட்கார்ந்திருப்பதற்கு நியாயமே இல்லை. பயிற்சியுள்ள நர்ஸ் ஒருவரும் ஒரு பாட்டில் அமிலமும் இருக்கும் இடத்தில் இன்றைக்கே தொடங்கலாம்.

வினிகர் வைத்துப் பார்ப்பது ஏழைகளுக்கென்று ஒதுக்கிய மட்டமான வைத்தியமா?

இந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் வலி எனக்குப் புரிகிறது. அதனால் ஆதாரத்தோடு பதில் சொல்கிறேன்.

இந்த முறையை உலகம் நம்பியதற்கு முக்கியமான காரணம் நம் தமிழ்நாட்டில் நடந்த ஆய்வு. திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில், 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குப் பயிற்சி பெற்ற நர்ஸுகள் வினிகர் முறையில் பார்த்தார்கள். 31,000க்கும் மேற்பட்ட பெண்கள் பரிசோதனைக்கு வந்தார்கள். 2007ல் வெளியான முடிவின்படி, பரிசோதனை நடந்த ஊர்களில் நோய் 25 சதவீதமும் மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்தன. ஒரே ஒரு தடவை பார்த்ததற்குக் கிடைத்த பலன் இது.

மும்பையின் குடிசைப் பகுதிகளில் நடந்த ஆய்வு நம் பகுதிக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே பார்த்தவர்கள் நர்ஸுகள்கூட இல்லை. சில வாரப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள், அந்தப் பகுதிகளைச் சேர்ந்த பெண்கள். சுமார் 1,50,000 பேர் அடங்கிய அந்த ஆய்வில், இந்த நோயால் வரும் மரணம் 31 சதவீதம் குறைந்தது. முடிவு வெளியானது 2014ல்.

மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்தில் 1,31,746 பெண்களைக் கொண்டு நடந்த மூன்றாவது ஆய்வு, மூன்று முறைகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டது. 2009ல் வெளியான அதன் முடிவில், ஒரே ஒரு எச்.பி.வி. டெஸ்ட் எடுத்த பிரிவில் மரணம் ஏறக்குறைய பாதியாகியிருந்தது. வினிகர் பிரிவிலும் பாப் ஸ்மியர் பிரிவிலும் அங்கே குறிப்பிடத்தக்க குறைவு தெரியவில்லை. இதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். வினிகர் முறை பயிற்சியையும் கண்காணிப்பையும் நம்பி நிற்பது; அவை தளர்ந்தால் பலனும் தளரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த ஆய்வுகளில் ஒப்பிடுவதற்காக வைத்திருந்த பிரிவுப் பெண்களுக்கு ஆய்வுக் காலத்தில் பரிசோதனை வழங்கப்படவில்லை. அது நியாயமா என்று பெரிய விவாதமே நடந்தது. என் மனதுக்கு அது நியாயமாகப் படவில்லை. ஆனால் அந்தப் பெண்களையும் சேர்த்துத்தான் இந்த அறிவு நமக்குக் கிடைத்திருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு பயன்படுத்தாமல் இருந்தால் அநியாயம் இரட்டிப்பாகிவிடும்.

'ஒரே வருகை' என்று ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறீர்கள்?

ஏனென்றால் பணம் வீணாவது அங்கேதான். புரிந்துகொள்வதற்காக ஒரு கணக்குப் போடுவோம்; எண்கள் எல்லாம் நானாக வைத்துக்கொண்டவை.

1,000 பெண்களைப் பரிசோதிக்கிறோம். ஆளுக்கு 300 ரூபாய் என்றால் மொத்தம் 3,00,000 ரூபாய். அதில் 100 பேருக்குச் சிகிச்சை தேவை என்று தெரிகிறது. அன்றைக்கே, அந்த இடத்திலேயே 100 பேருக்கும் சிகிச்சை கொடுத்துவிட்டால், பலன் பெற்ற ஒருவரைக் கண்டுபிடிக்க ஆன செலவு 3,000 ரூபாய். 'அடுத்த வாரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கம்மா' என்று சீட்டு எழுதிக்கொடுத்து, 50 பேர் மட்டும் போனால், அதே செலவு 6,000 ரூபாய் ஆகிவிடுகிறது. 25 பேர்தான் போனார்கள் என்றால் 12,000. பரிசோதனைக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகச் செலவாகவில்லை. ஆனாலும் திட்டம் நாலு மடங்கு விலையேறிவிட்டது. சிகிச்சை கிடைக்காத அந்த 75 பேருக்குக் கிடைத்தது பயம் மட்டும்தான்.

சீட்டு வாங்கிய பெண் ஏன் போகவில்லை? போகிற அன்றைக்கு வேலைக்குப் போக முடியாது. புது இடத்தில் எந்தக் கட்டிடம், எந்த வரிசை என்று தெரியாது. கூட வர ஆளில்லை. உடம்பில் வலி இல்லாததால் அவசரமும் தெரிவதில்லை. 'புற்றுநோயாம்' என்று பக்கத்து வீட்டில் பேச்சு வந்துவிடுமோ என்ற கூச்சம் வேறு. இவற்றில் எதையும் அலட்சியம் என்று நான் சொல்லமாட்டேன்.

அதே நாளில் சிகிச்சை கொடுக்க இப்போது கருவி இருக்கிறது. முன்பு உறையவைத்து அழிக்கும் கிரையோதெரபி மட்டும்தான். அதற்கு வாயு சிலிண்டர் வேண்டும். சிலிண்டர் தீர்ந்தால் வேலை நின்றுவிடும். இப்போது சூட்டால் அழிக்கும் சிறிய கருவி வந்திருக்கிறது. பேட்டரியிலும் ஓடும், கையில் எடுத்துப்போகலாம், சில நிமிடங்களில் முடிந்துவிடும். பெரும்பாலும் மயக்க மருந்து தேவைப்படாது. எல்லாருக்கும் இது பொருந்தாது. மாற்றம் உள்ளே பரவியிருந்தாலோ புற்று என்ற சந்தேகம் இருந்தாலோ பெரிய மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். அவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களுக்கு ஆள் துணை அனுப்பலாம்.

இலவசம் என்கிறார்கள். அப்புறம் எனக்கு என்ன செலவு?

2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. பரிசோதனைக்கும் அரசு மையத்தில் காசு இல்லை. ஆனால் நேரம் இலவசம் இல்லையே. காசிமேட்டில் விடியும் முன்பே ஏலத்தில் மீன் எடுக்கிற அக்கா, அதை விற்று முடிக்க மதியமாகும். வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்குக் காலை நேரம்தான் சம்பாத்தியம். காலை 10 மணிக்கு முகாம் போட்டுவிட்டு 'பெண்கள் வரவில்லை' என்று எழுதினால், முகாமுக்கான செலவு வீண். குறை பெண்கள் மேல் விழுகிறது. சாயங்காலம் 4 மணிக்கு மேல் வைத்தால் பலர் வருவார்கள். நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் மாலையிலும் திறந்திருக்கின்றன. அந்த நேரத்தை இதற்குப் பயன்படுத்துவதற்குப் பெரிய நிதி ஒன்றும் தேவையில்லை.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதே? நோய் வந்தால் பார்த்துக்கொள்ளலாமே?

அட்டை நல்லதுதான். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்குக் கைகொடுக்கிறது. ஆனால் அது கொடுப்பது ஆஸ்பத்திரிச் செலவை.

நோய் சற்று முற்றிய நிலையில் வழக்கமான சிகிச்சை இப்படி: சுமார் ஐந்து வாரம், வாரத்தில் ஐந்து நாள் வெளிக் கதிர்வீச்சு. கூடவே வாரம் ஒருமுறை கீமோ. அப்புறம் உள்ளே கருவி வைத்துக் கொடுக்கும் கதிர்வீச்சு. 25 நாள் போய்வர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாள்கூலி 500 ரூபாய் என்றால் அந்தப் பெண்ணுக்கு 12,500, துணைக்கு வருபவருக்கு 12,500. அட்டை இதைத் தராது. வாரக் கடன் தவணை கட்ட வேண்டிய வீட்டில் இந்த 25,000 எப்படிப்பட்ட பள்ளம் என்பது நம் பகுதியில் எல்லாருக்கும் தெரியும். பிள்ளையின் படிப்பு பாதியில் நிற்பதெல்லாம் இப்படித்தான்.

இவ்வளவும் பட்ட பிறகும் பிழைப்பது நிச்சயம் இல்லை. அமெரிக்கப் புள்ளிவிவரப்படி, நோய் கர்ப்பப்பை வாயைத் தாண்டாதபோது சிகிச்சை பெற்றால் 10 பேரில் 9 பேர் 5 ஆண்டுக்கு மேல் வாழ்கிறார்கள். தொலைவில் உள்ள உறுப்புகளுக்குப் பரவிவிட்டால் 10ல் 2 பேர்தான். புற்றாக மாறும் முன்பே பிடித்தால், சில நிமிடச் சிகிச்சையோடு அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்.

எச்.பி.வி. இருக்கிறது என்று வந்தால் வீட்டுக்காரரைச் சந்தேகப்பட வேண்டுமா? அவர் என்னைச் சந்தேகப்பட மாட்டாரா?

கூட்டத்தில் யாரும் இதைக் கேட்பதில்லை. கூட்டம் முடிந்து, தனியாக வந்து மெதுவாகக் கேட்கிறார்கள். பல பெண்கள் பரிசோதனைக்கே வராமல் போவதற்கு இந்தப் பயம் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அதனால் தெளிவாகச் சொல்கிறேன்.

உடலுறவு கொண்ட பெண்களிலும் ஆண்களிலும் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் எப்போதாவது இந்த வைரஸ் தொற்றும். வந்த சுவடே தெரியாது. எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த டெஸ்டாலும் சொல்ல முடியாது. பல ஆண்டுகளுக்கு முன் தொற்றியது இப்போது தெரியவரலாம். ஆகவே இந்த முடிவை வைத்து யாருடைய ஒழுக்கத்தையும் எடைபோட முடியாது. எச்.பி.வி. இருக்கிறது என்றால் புற்றுநோய் இருக்கிறது என்றும் அர்த்தமில்லை. அடுத்த படியைப் பார்க்க வேண்டும், அவ்வளவே. முடிவைச் சொல்லும் சிஸ்டர் இந்த நாலு வாக்கியத்தையும் சேர்த்துச் சொன்னால், சிகிச்சைக்கு வருபவர்கள் கூடுவார்கள்.

எச்.பி.வி. வேறு, எச்.ஐ.வி. வேறு. பெயர் ஒலிப்பதைக் கேட்டுக் குழம்பிப் பயந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்குக் கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 6 மடங்கு அதிகம். அவர்கள் 25 வயதிலேயே பரிசோதனையைத் தொடங்க வேண்டும்.

மணலி, எண்ணூர் புகையால்தான் இந்த நோய் வருகிறதா?

இல்லை. இந்த நோய்க்குக் காரணம் வைரஸ். புகைபிடித்தல், எதிர்ப்புச் சக்திக் குறைவு, நிறையப் பிரசவங்கள் ஆகியவை ஆபத்தைக் கூட்டும். ஆலைப் புகையையும் சாம்பலையும் பற்றி நம் பகுதி மக்கள் கொடுக்கும் குரல் முழுக்க நியாயமானது. 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதை யாரும் மறக்கவில்லை. அந்தப் போராட்டம் நடக்கட்டும். ஆனால் 'எல்லாம் காற்றால் வருவது, டெஸ்ட் எடுத்து என்ன ஆகப்போகிறது' என்று விட்டுவிடாதீர்கள். தடுக்க வழி தெரிந்த நோய் இது.

சென்னையில் இந்த நோய் தானாகவே குறைகிறதாமே? பிறகு எதற்குச் செலவு?

குறைவது உண்மை. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1980களின் தொடக்கத்திலிருந்து நடத்திவரும் சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டில் இது தெரிகிறது. அன்றைக்குச் சென்னைப் பெண்களிடையே முதலிடத்தில் இருந்த நோய் இது. இப்போது மார்பகப் புற்றுநோய் முந்திவிட்டது. கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய் விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது. தாமதமான திருமணம், குறைந்த பிரசவங்கள், படிப்பு, வசதி ஆகியவை காரணமாகச் சொல்லப்படுகின்றன.

அந்தக் காரணங்களைக் கவனியுங்கள். படிப்பும் வசதியும் சென்ற வீடுகளில் நோய் குறைந்தது. சீக்கிரம் திருமணமாகி, மூன்று நான்கு பிள்ளை பெற்று, ஒரு தடவைகூடப் பரிசோதிக்காத பெண்ணுக்கு நகரத்தின் சராசரி என்ன செய்துவிடும்? நோய் குறையக் குறைய, மிச்சமிருப்பது அப்படிப்பட்டவர்களிடம்தான் சேர்கிறது. ஊர் முழுக்கப் பொதுவாகச் செலவழிப்பதை விட அவர்களைத் தேடிப்போய்ச் செலவழித்தால் ரூபாய்க்குப் பலன் அதிகம்.

தமிழ்நாட்டில் எத்தனை பேர் பரிசோதித்திருக்கிறார்கள்?

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் எப்போதாவது ஒருமுறை இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் தமிழ்நாட்டில் 9.8 சதவீதம். நாடு முழுவதும் 1.9 சதவீதம். நாம் முன்னால் இருக்கிறோம் என்று மகிழலாம். ஆனால் 10ல் 9 பேர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை என்பதும் அதே எண்தான். உலக சுகாதார நிறுவனம் 2030க்கு வைத்திருக்கும் இலக்கு 70 சதவீதம்: 35 வயதுக்குள் ஒரு தடவை, 45 வயதுக்குள் இன்னொரு தடவை, அதுவும் நல்ல கூர்மையுள்ள டெஸ்டில்.

தடுப்பூசி வந்துவிட்டதே, பரிசோதனை இன்னும் தேவையா?

தேவை. ஊசி 9 முதல் 14 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு. வைரஸ் தொற்றும் முன்பே போட்டால்தான் முழுப் பலன். அதன் பலன் புற்றுநோய்க் கணக்கில் தெரிய இருபது, முப்பது ஆண்டுகள் ஆகும். இன்றைக்கு 35 வயதில் இருக்கும் அம்மாவை அது காப்பாற்றாது. மகளுக்கு ஊசி, அம்மாவுக்குப் பரிசோதனை என்று ஒரே நாளில் அழைத்தால் செலவும் மிச்சம். ஊசி எல்லா வகை வைரஸையும் தடுக்காது என்பதால் அந்த மகளும் வளர்ந்த பிறகு பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

வருஷா வருஷம் எடுத்தால் இன்னும் நல்லதுதானே?

இல்லை. இந்த நோய் மெதுவாக வளர்வது. ஒரே பெண்ணைப் பத்துத் தடவை பார்ப்பதை விட, இதுவரை பார்க்காத பத்துப் பெண்களை ஒரு தடவை பார்ப்பது அதிக உயிரைக் காக்கும். அடிக்கடி எடுத்தால் தானாகவே சரியாகிவிடக்கூடிய சின்ன மாற்றங்களுக்கும் சிகிச்சை நடந்துவிடும். ஆண்டுதோறும் 'மாஸ்டர் செக்கப்' வாங்குகிறவர்களையும் ஒரு தடவைகூடப் பார்க்காதவர்களையும் ஒரே ஊரில் வைத்திருப்பது பணத்தைத் தப்பான இடத்தில் போடுவதுதான்.

கர்ப்பப்பையை எடுத்துவிட்டேன். எனக்கும் தேவையா?

கர்ப்பப்பையின் வாயையும் சேர்த்து எடுத்திருந்தால், அதற்கு முன் புற்றோ அதற்கு முந்திய மாற்றமோ இருந்ததில்லை என்றால் பொதுவாகத் தேவையில்லை. என்ன எடுத்தார்கள் என்று அறுவைச் சீட்டைக் காட்டி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தவர்களுக்குக் கர்ப்பப்பை அப்படியே இருக்கிறது. அவர்களுக்குப் பரிசோதனை தேவை.

வடசென்னையில் கூடுதலாக ஒரு தொகை கிடைத்தால் எதில் போடச் சொல்வீர்கள்?

முதலில், அதே நாளில் சிகிச்சை கொடுக்கும் கருவியிலும் அதற்கான நர்ஸ் பயிற்சியிலும். திருவொற்றியூரிலிருந்து திரு.வி.க. நகர் வரை மாநகராட்சியின் வடக்கு மண்டலங்கள் ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒரு மையம் பரிசோதனையையும் சிகிச்சையையும் ஒரே கூரையின் கீழ், சாயங்காலத்திலும் தர வேண்டும்.

அடுத்து, வீடு தேடிப் போகும் ஆளில். தெருவில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு அக்கா பட்டியலோடு வீடு வீடாகப் போய், 30 வயது தாண்டி ஒரு தடவையும் பார்க்காதவர் யார் என்று குறித்து, சிகிச்சைக்குப் போக வேண்டியவரைக் கையோடு கூட்டிப்போக வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் பணியாளர்கள் ஏற்கெனவே வீட்டுக்கு வருகிறார்கள். அந்த வருகையோடு இதைச் சேர்த்தால் புதிதாக ஆகும் செலவு கொஞ்சம்தான்.

மூன்றாவதாக, பெண்ணே மாதிரி எடுத்துக்கொடுக்கும் எச்.பி.வி. டெஸ்ட். ஆண் மருத்துவர் இருப்பாரோ, கால் விரித்துப் படுக்க வேண்டுமோ என்று தயங்குகிறவர்களுக்கு இது வழி திறக்கும். முடிவு வர நாளானால் இரண்டாவது வருகை தேவைப்படும் என்பதால், முதல் இரண்டும் இல்லாமல் இதை மட்டும் கொண்டுவந்தால் பழைய ஓட்டை அப்படியே இருக்கும்.

பேனர், ஒருநாள் பெரு முகாம், பரிசுப் பைக்கு என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சரி, போகிறேன். எப்படித் தயாராக வேண்டும்?

மாதவிலக்கு இல்லாத நாளில் போங்கள். அதற்கு முந்தைய இரண்டு நாள் உடலுறவும், உள்ளே வைக்கும் மருந்தும் வேண்டாம். பட்டினி கிடக்கத் தேவையில்லை. கர்ப்பமாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பரிசோதனை ஐந்து, பத்து நிமிடம்; அசௌகரியமாக இருக்கும், லேசாக எரியலாம், பெரிய வலி இருக்காது. பெண் நர்ஸ் வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் எந்த நாளில் பார்க்கிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மேல்சிகிச்சைக்கு ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையும் ஸ்டான்லியும் இருக்கின்றன. முடிவை எழுத்தில் வாங்கி, ஆதார், காப்பீட்டு அட்டையோடு சேர்த்து வையுங்கள்.

உடலுறவுக்குப் பின் ரத்தம், மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம், நாற்றத்தோடு வெள்ளைபடுதல் இருந்தால் முகாம் வரும் வரை காத்திருக்காதீர்கள். அது வழக்கமான பரிசோதனைக்கான விஷயம் இல்லை. அந்த வாரமே மருத்துவரிடம் காட்ட வேண்டியது.